கை இறங்கும் வரை

மார்ச் 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

கிளி எழுதுகிறேன். நான்கு முறை போன் செய்தேன். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. நீ எடுக்காததும் நல்லதுதான். போனில் என் குரலைக் கேட்டு நீ என்ன செய்வாய், உன் அழுகையைக் கேட்டு நான் என்ன செய்வேன்? கடிதம் என்றால் மனம் வந்தபோது பிரிக்கலாம், வராவிட்டால் அடுப்பில் போடலாம்.

மாப்பிள்ளையை அடக்கம் செய்த நாலாம் நாள் யார்டை விட்டு வந்துவிட்டேன். இங்கே வேறொரு துறைமுகத்தில் லாரி எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறேன். லாரி ஏறும், எண் வரும், எழுதிக்கொள்வேன், லாரி இறங்கும். முதலில் கிரேன் வேலைதான் கொடுத்தார்கள். கூண்டில் ஏறி உட்கார்ந்து லீவரில் கை வைத்தேன். கீழே நின்ற ஆள் ஜாடை காட்டிக்கொண்டே இருந்தான். என் கை அசையவே இல்லை. கால் மணி நேரம் பார்த்துவிட்டு இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

பதினோரு வருஷம் அவன் கீழே நின்று சிக்னல் காட்டினான், நான் மேலே கிரேன் ஓட்டினேன். கூண்டுக்குள் இருக்கிறேன் என்று எனக்குக் கிளி என்று பெயர் வைத்ததே அவன்தான். எஞ்சின் சத்தத்தில் வாயால் பேசி எதுவும் ஆகாது. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாங்க. நம்ம பொழப்பு கையில மச்சான்" என்பான். ஆயிரம் நாள் ஒரு விபத்தும் இல்லாமல் வேலை பார்த்தோம் என்றுதான் கம்பெனி எங்கள் மூன்று பேரையும், அவன், நான், இரும்பைத் தைப்பதால் தையல் என்று பெயர் வாங்கிய வெல்டர், அந்தத் தீவுக்கு அனுப்பியது. சுறாவோடு முங்கலாம் என்ற விளம்பரப் பலகையைப் பார்த்து முதலில் பெயர் கொடுத்தவன் அவன். இது உனக்கும் தெரியும்.

அன்று நடந்ததை நீ என் வாயால் கேட்க வேண்டும். பத்து ஆள் ஆழத்தில் மணல்மேல் வரிசையாக நின்றோம். நான்கு சுறாக்கள் வந்தன. ஒன்றும் செய்யவில்லை. எங்களை அவை ஆளாகவே மதிக்கவில்லை, சுற்றிப் பார்த்துவிட்டுத் தம் பாட்டுக்குப் போயின. நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது மாப்பிள்ளை பக்கத்தில் இல்லை. காற்று தீர்ந்து ஒரே வீச்சில் மேலே போயிருக்கிறான். அந்த வேகத்தை நுரையீரல் தாங்கவில்லை. படகில் ஏற்றியபோதே நினைவு இல்லை.

அவன் எனக்கு எதுவும் காட்டவில்லை, தங்கச்சி. ஒரே ஒரு ஜாடை காட்டியிருந்தால் என் காற்றில் பாதியைக் கொடுத்திருப்பேன். விசாரணையிலும் இதைத்தான் சொன்னேன்.

குட்டி சாப்பிடுகிறாளா? ஒரு வரி எழுது.

உன் அண்ணன்,
கிளி


மார்ச் 29

கடிதம் வந்தது. மேலே என்ன எழுதி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. 'அண்ணா' என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். காலியாகவே இருக்கட்டும்.

குட்டி சாப்பிடுகிறாள். நானும் சாப்பிடுகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "சுறா கடிச்சிருச்சா?" இல்லை என்றால் அவர்கள் முகம் சின்னதாகிவிடுகிறது, விருந்துக்கு அழைத்துப் பச்சைத் தண்ணீர் கொடுத்ததுபோல. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. குட்டியின் வகுப்பில் அவள் 'சுறா தின்ற அப்பாவோட பொண்ணு'.

போன வாரம் யார்டில் கூப்பிட்டார்கள். இரண்டு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். பிறகு மேனேஜர் விசாரணை அறிக்கையைப் படித்தார். 'இறந்தவர் தமக்குக் காற்று குறைந்ததைத் தெரிவிக்கும் எந்தச் சைகையும் செய்யவில்லை.' அதைப் பாதுகாப்புப் பாடம் ஆக்கி, அவர் படத்தைப் போட்டு யார்டு கேட்டில் ஒட்டியிருக்கிறார்கள். 'ஒரு சைகை காட்டாததால் ஓர் உயிர் போனது.' உள்ளே போகிறவன், வெளியே வருகிறவன் எல்லோரும் படிக்கிறார்கள். சிக்னல்காரர் சிக்னல் காட்டாமல் செத்தார். இதைவிட அவரைக் கேவலப்படுத்த யாராலும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை தையல் வந்திருந்தார். கொடுத்த டீ ஆறிப்போனது. போகும்போது, அன்று தண்ணீருக்குள் படம் எடுத்த தன் கேமராவின் கார்டை மேசையில் வைத்து, "நீங்க பாக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

நாற்பத்தொரு விநாடி வீடியோ. நடுவில் சுறா. ஓரத்தில் அவரும் நீங்களும். அவர் கையை மூடி நெஞ்சில் வைத்து மூன்று முறை தட்டுகிறார். அவருடைய பையில் டைவிங் வகுப்பில் கொடுத்த அட்டை இருந்தது. நாலாவது படம், நெஞ்சில் மூடிய கை: காற்று குறைந்துவிட்டது. பக்கத்தில் அவர் கையெழுத்தில் 'முக்கியம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்.

அவர் காட்டினார். நீங்கள் இரண்டு கை தூரத்தில் நின்றீர்கள். 'அவன் எதுவும் காட்டவில்லை' என்று எனக்கே எழுத உங்களுக்குக் கை வந்திருக்கிறது.

இனி என்னைத் தங்கச்சி என்று எழுத வேண்டாம்.

குட்டியின் அம்மா


ஏப்ரல் 6

குட்டியின் அம்மாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே எழுதுகிறேன்.

தையலுக்கு அப்படி என்ன அவசரம் என்று தெரியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தண்ணீருக்குள் எல்லாம் தெளிவாகத் தெரியும் என்று நினைக்காதீர்கள். மாஸ்க்கில் மூச்சுப் புகை படியும். மணல் கலங்கும். அதோடு, இறங்கும் முன்பே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்: கையை நீட்டாதீர்கள், சுறா இரை என்று பார்க்கும், மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று. எல்லோருமே கையை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் நின்றோம். அவன் கையும் அங்கே இருந்தது. அது ஜாடை என்றே எனக்குத் தெரியவில்லை. கூட்டிப்போன கைடு எங்கள் காற்று மீட்டரை ஒரு தடவைதான் பார்த்தான். சுறா வந்த பிறகு அவனுக்கு எங்கள் ஞாபகமே இல்லை. அவனை யாரும் கேட்கவில்லை.

நான் பார்த்தது சுறாவைத்தான். என்னை நம்புங்கள். இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

கிளி


ஏப்ரல் 15

நான் கண்ணாடிக் கடையில் பதினாலு வருஷமாகக் கண் பவர் பார்க்கிறேன். கீழ் வரியைப் படியுங்கள் என்றால், தெரியாததைத் தெரிந்ததுபோல ஊகித்துச் சொல்கிறவர்கள்தான் அதிகம். தெரிந்ததைத் தெரியவில்லை என்று சொல்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

கடையில் எல்லோரும் போன பிறகு அந்த வீடியோவைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். அவர் தட்டுகிறார். நீங்கள் சுறாவைப் பார்க்கவில்லை. அவர் முகத்துக்கு நேராகத் திரும்புகிறீர்கள். தலையை ஒரு தரம் ஆட்டுகிறீர்கள், புரிந்தது என்று. பிறகு அசையாமல் நிற்கிறீர்கள். அவர் உங்களையே பார்க்கிறார். நீங்கள் நிற்கிறீர்கள். அதோடு கேமரா திரும்பிவிடுகிறது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்கள். மாஸ்க்கில் புகையாம்.

உங்களுக்குள் ஏதாவது சண்டையா? எனக்குத் தெரியாமல் ஏதாவது வாக்குவாதம் நடந்ததா? இல்லை, பயந்துவிட்டீர்களா? பயந்தேன் என்றாவது சொல்லுங்கள், அதைப் புரிந்துகொள்ள முடியும். வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்ட மனுஷன், அவர் மூச்சுக்குக் கை காட்டும்போது தலையாட்டிவிட்டு நின்றார் என்றால் நான் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

உங்கள் கண்ணீர் எனக்கு வேண்டாம். அந்த அறிக்கையில் அந்த ஒரு வரி எடுபட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். குட்டி யார்டு வழியாகத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். நேற்றுப் படத்தின் முன்னால் நின்று, "அப்பா காட்ட மறந்துட்டாராம்மா?" என்றாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

குட்டியின் அம்மா


மே 3

குட்டியின் அம்மாவுக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

எங்களுக்குள் சண்டை இல்லை. அன்று காலை படகில்கூட என் பெல்ட்டை இழுத்துக் கட்டிவிட்டு, "தொப்பைக்குத் தனி டிக்கெட் வாங்கியிருக்கணும் மச்சான்" என்றான். பயமும் இல்லை. பயந்திருந்தால் மேலே ஓடியிருப்பேன், அவனையும் இழுத்துக்கொண்டு.

தலையாட்டினேன். உண்மை. எதற்கு ஆட்டினேன் என்று சொல்கிறேன்.

எங்கள் யார்டில் கையை மூடி நெஞ்சில் வைத்தால் 'இருக்கிற இடத்திலேயே நில்' என்று பொருள். சுமை அந்தரத்தில் தொங்கும்போது கீழே யாராவது வந்துவிட்டாலோ, கம்பி முறுக்கிக்கொண்டாலோ மாப்பிள்ளை அப்படிக் காட்டுவான். தட்டினால் கண்டிப்பாக நில். நான் தலையாட்ட வேண்டும். அதன் பிறகு அந்தக் கை இறங்கும் வரை லீவரில் ஒரு விரல் அசையக் கூடாது. மழை கொட்டினாலும் சரி, மேனேஜர் வந்து கத்தினாலும் சரி. ஒரு தடவை இருபது நிமிஷம் அப்படி நிறுத்தி வைத்தான். பெட்டிக்கு அடியில் ஓர் ஆளின் கால் மாட்டிக்கொண்டிருந்தது எனக்கு மேலிருந்து தெரியாது. நான் ஏன் என்று கேட்கவும் இல்லை, அசையவும் இல்லை. அந்த ஆள் இன்றைக்கும் இரண்டு காலில் நடக்கிறான். ஆயிரம் நாள் என்று கம்பெனி கைதட்டியது இதற்குத்தான். இந்த ஜாடை நாங்கள் இரண்டு பேரும் வைத்துக்கொண்டது. இங்கே கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை.

தண்ணீருக்குள் அவன் அதைக் காட்டியதும் எனக்கு வேறு எண்ணமே வரவில்லை. என் பின்னால் சுறா வருகிறது, அசையாதே என்கிறான். தலையாட்டினேன். நின்றேன். சிலிண்டரில் பாதிக் காற்றை வைத்துக்கொண்டு, அவன் சொன்னபடி கேட்கிற நல்ல பிள்ளையாக நின்றேன்.

டைவிங் ஜாடைகளை மூன்று நாள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் கேட்கவில்லை. "மீன் குஞ்சுக்கு நீந்தச் சொல்லித் தர்றாங்கடா" என்று சிரித்தேன். பதினோரு வருஷம் கையாலேயே பேசியவனுக்கு இன்னொருவர் கை பேசக் கற்றுத் தருவதா என்ற திமிர். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டான். கடைசி நாள் பரீட்சை. பயிற்சி கொடுத்த பெண் சொல்லச் சொல்ல, வரிசையில் நின்று காட்ட வேண்டும். நான் அவன் கையைப் பார்த்து அரை விநாடி கழித்துக் காட்டித் தப்பித்தேன், பள்ளிக்கூடத்தில் செய்தது மாதிரியே. படகில் கேட்டான், "எல்லாம் ஞாபகம் இருக்கா மச்சான்?" என்று. "இருக்குடா" என்றேன்.

அந்தப் பொய்யை நம்பித்தான் அவன் இறங்கினான்.

அவர் ஏன் உங்கள் காற்றுக் குழாயைப் பிடுங்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அடுத்த ஆளுக்குக் கொடுக்க என்றே இன்னொரு குழாய் என் மார்பில் தொங்கியது. நானும் கேட்டுக்கேட்டு ஓய்ந்துவிட்டேன். எனக்குத் தோன்றுவது இதுதான்: அவன் காட்டுவான், நான் நகர்த்துவேன். அத்தனை வருஷத்தில் அவன் லீவரைத் தொட்டதே இல்லை. காட்டிவிட்டான், நானும் தலையாட்டிவிட்டேன், இனி மச்சான் பார்த்துக்கொள்வான் என்று இருந்திருப்பான். நான் வரட்டும் என்று அவன் நின்றான். அவன் கை இறங்கட்டும் என்று நான் நின்றேன்.

விசாரணையில் மறைத்தது கூண்டு போய்விடுமே என்ற பயத்தில். ஜாடையைத் தப்பாகப் படித்தவனை யார் கிரேனில் ஏற்றுவார்கள்? அவனைவிட எனக்குக் கூண்டு பெரிதாகப் போயிற்று. இப்போது ஏறினாலும் கை அசையவில்லை.

கிளி


மே 10

படித்தேன். இரண்டு முறை.

முதலில் ஜாடையே இல்லை என்றீர்கள். பிறகு ஜாடை தெரியவில்லை என்றீர்கள். இப்போது ஜாடைக்கு வேறு பொருள் என்கிறீர்கள். கடிதத்துக்கு ஒரு படியாக இறங்குகிறீர்கள். இன்னும் எத்தனை படி பாக்கி இருக்கிறதோ.

இந்தக் கதை எல்லா இடத்திலும் பொருந்துகிறது. அதுதான் உறுத்துகிறது. பன்னிரண்டு வருஷம் அவரோடு வாழ்ந்தேன். வெளியே கையால் பேசிவிட்டு வந்து, வீட்டில் வாயால் பேசித் தீர்ப்பார். இப்படி ஒரு ஜாடை இருப்பதாக ஒரு நாளும் சொன்னதில்லை. செத்தவர் வந்து சாட்சி சொல்ல மாட்டார் என்ற தைரியமா?

உண்மை என்றால் எனக்கு எழுதி என்ன பயன்? விசாரணை ஆபீசுக்கு எழுதுங்கள். எழுதினால்தான் நம்புவேன் என்றும் சொல்ல மாட்டேன். எழுதுங்கள்.

குட்டியின் அம்மா


ஜூன் 2

குட்டியின் அம்மாவுக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன். நேரிலேயே போனேன். நகல் இத்துடன் இருக்கிறது, ஆபீஸ் முத்திரையோடு. படித்த அதிகாரி, "இதைக் கொடுத்தா உங்க லைசென்ஸ் போயிடும், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். அந்த அட்டையை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். பதினேழு வயசில் உதவியாளாகச் சேர்ந்து, ஆறு வருஷம் கிரீஸ் தடவி வாங்கிய அட்டை. வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

இன்னும் எத்தனை படி என்று கேட்டிருந்தீர்கள். ஒன்று இருக்கிறது. நகலின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அதைப் படிக்கும் முன் என் வாயால் சொல்லிவிடுகிறேன். இது வீடியோவில் இல்லை. தையல் கேமராவைச் சுறாவின் பின்னால் திருப்பிவிட்டார். நான் சொல்லாவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. இதைச் சொல்லாமலே செத்துப்போகலாம் என்றுதான் இருந்தேன்.

மாப்பிள்ளை கையை இறக்கினான். சரி, சுறா போய்விட்டது என்று நானும் ஆசுவாசமானேன். உடனே விரல்களை நீட்டிக் கழுத்தின் குறுக்கே அறுப்பதுபோல இழுத்தான். உங்களிடம் இருக்கிற அட்டையில் ஐந்தாவது படம் அதுதான் என்று இப்போது தெரிந்துகொண்டேன். காற்று அடியோடு தீர்ந்துவிட்டது.

எங்களுக்கு அது மத்தியான ஜாடை. எஞ்சினை நிறுத்து, இறங்கி வா, சாப்பிடலாம். தினமும் பன்னிரண்டரைக்குக் கீழே நின்று ஒரு கையால் கழுத்தை அறுத்துக் காட்டுவான். மற்ற கையில் நீங்கள் கட்டிக்கொடுத்த டப்பாவைத் தூக்கிப் பிடிப்பான். காலையில் ஏழு மணிக்கே காட்டி என்னைச் சிரிக்க வைப்பதும் உண்டு. அவனுடைய பழைய வேடிக்கை அது.

நான் சிரித்தேன். தண்ணீருக்குள் என்னடா சாப்பாடு என்று, மாஸ்க்குக்குள் தண்ணீர் ஏறும் அளவுக்குச் சிரித்தேன். இருடா, இன்னொன்று வருகிறது பார் என்று சுறாவைக் காட்டினேன். மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு திரும்பியபோது அவன் இல்லை.

மூன்று மாதமாக நான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்தக் கை வருகிறது. உங்களுக்கு அதை எழுதியது தப்பு என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதாமல் இருப்பது முதல் பொய்யைவிடப் பெரிய பொய் என்று தோன்றியது.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். அறிக்கையை ஒரு மாதத்தில் திருத்தி அனுப்புவதாகச் சொன்னார்கள். அது வந்ததா என்று மட்டும் தையலிடம் சொல்லிவிடுங்கள், அவர் எனக்குச் சொல்வார்.

கிளி


ஜூலை 8

கிளி அண்ணாவுக்கு,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நீங்கள் சொன்னதற்காக அல்ல. அந்த இரண்டாம் பக்கத்தைப் படித்த பிறகு பத்து நாள் உங்கள் பெயரை நினைத்தாலே உடம்பு எரிந்தது. அவர் கடைசியாகக் காட்டிய கைக்கு நீங்கள் சிரித்தீர்கள். அதை மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் அது பொய். நமக்குள் பொய் போதும்.

திருத்திய அறிக்கை வந்தது. 'இறந்தவர் இரு முறை சரியான சைகை செய்தார். உடன் இருந்தவர் அவற்றைத் தவறாகப் புரிந்துகொண்டார்.' யார்டு கேட்டில் இருந்த படத்தை மேனேஜரே வந்து எடுத்தார். பசை காய்ந்து பாதிதான் வந்தது. மீதியை நான் கடையிலிருந்து கொண்டுபோன பிளேடால் சுரண்டினேன். குட்டியிடம், "அப்பா மறக்கல. ரெண்டு தடவை காட்டினாரு" என்று சொன்னேன். "யாருக்கும் புரியலையா?" என்றாள். 

அதன் பிறகு நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடம் விடும்போது குட்டியைக் கூட்டிவரப் போவது அவர் வேலையாக இருந்தது, உங்களுக்குத் தெரியும். முதல் ஷிப்ட் முடிந்து நேரே போய்விடுவார். நான் கடையில் இருப்பேன். இந்த நாலு மாதமாகப் பக்கத்து வீட்டு அக்காதான் அவளை வாசலிலேயே கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். போன செவ்வாய்க்கிழமை அவருக்கு உடம்பு சரியில்லை, நான் போனேன். போக நேரமாகிவிட்டது. சாலைக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறேன், அவள் கேட்டை விட்டு வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் சாலையில் காலை வைத்துவிட்டாள். வளைவில் ஒரு வேன் வந்தது.

கூப்பிட வாய் வரவில்லை. பயத்தில் கை தானாக மூடிக்கொண்டு நெஞ்சில் போய் ஒட்டியது. நான் செய்தது அவ்வளவுதான். அது ஜாடை இல்லை, அண்ணா. வெறும் பயம்.

குட்டி நின்றாள். என் முகத்தைப் பார்த்துத் தலையை ஒரு தரம் ஆட்டினாள். வேன் அவள் பையை உரசுகிற மாதிரி போனது. போன பிறகும் நின்றாள். மற்றப் பிள்ளைகள் அவளுக்கு இரண்டு பக்கமும் தாண்டிப் போனார்கள். நான் இடது கையால் வா வா என்கிறேன், வரவில்லை. கடைசியில் அங்கிருந்தே கத்தினாள்: "அம்மா, கையை இறக்குங்க. அப்பத்தான் நான் வர முடியும்."

அப்போதுதான் பார்த்தேன். என் வலது கை இன்னும் நெஞ்சிலேயே இருந்தது.

வீடு வரும்வரை அவள் கையை நான் விடவில்லை. வந்த பிறகு கேட்டேன். "அப்பா தினமும் எதிர்ப்பக்கம்தான் நிப்பாரு. கை நெஞ்சுல இருந்தா நகரக் கூடாது. நான் தலையாட்டணும். இறக்கினாத்தான் வரணும். ரோட்டைத் தனியா தாண்ட விடுறார்னு நீங்க திட்டுவீங்கன்னு உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு" என்றாள். திட்டியிருப்பேன்தான். இரண்டு நாள் சோறு போட்டிருக்க மாட்டேன்.

பன்னிரண்டு வருஷத்தில் எனக்குத் தெரியாத ஜாடை அவரிடம் ஒன்று இருந்திருக்கிறது. செத்தவர் சாட்சி சொல்ல வரமாட்டார் என்ற தைரியமா என்று உங்களைக் கேட்டேன். வந்துவிட்டார், மகள் வழியாக.

அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பயந்து வைத்த கை. அவள் அதை 'நில்' என்று படித்தாள். தப்பாகத்தான் படித்தாள், அதனால் பிழைத்தாள். அவர் மூச்சுக்கு வைத்த கை. நீங்களும் 'நில்' என்றுதான் படித்தீர்கள். அவர் உங்கள் இருவருக்கும் ஒரே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார், இருவரும் ஒரே மாதிரி கேட்டிருக்கிறீர்கள். வகுப்பில் நீங்கள் படிக்காமல் ஏமாற்றியது தப்பு. விசாரணையில் பொய் சொன்னது அதைவிடத் தப்பு. அந்த இரண்டுக்கும் உங்கள்மேல் கோபம் இருக்கிறது, இருக்கும். ஆனால் நின்றதற்கு இல்லை. குட்டியே அங்கே இருந்திருந்தாலும் நின்றிருப்பாள்.

அவள் உங்களைக் கேட்கிறாள். எப்போது வருவார் கிளி மாமா என்று கேட்டுவிட்டு, நான் முகத்தைத் திருப்பினால் பேச்சை மாற்றிக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வாருங்கள். வாசலில் நின்று கழுத்தை அறுத்துக் காட்ட வேண்டாம், அதை நான் இன்னும் தாங்க மாட்டேன். பெல் அடியுங்கள்.

லீவரில் கை அசையவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். இப்போது நினைத்தால் புரிகிறது. அவர் கையை இறக்கினார், ஆனால் உங்களுக்குள் அது இன்னும் இறங்கவில்லை. நாலு மாதமாக அந்த மணலிலேயே நிற்கிறீர்கள். இறக்க வேண்டியவர் இல்லாததால் அவர் வேலையை நான் செய்கிறேன்.

கையை இறக்கிவிட்டேன் அண்ணா. நீங்கள் நகரலாம்.

தங்கச்சி